இலையடித் துரு: இணையக் குழுவுக்கு ஒரு மாயக்கதை ஊக விளையாட்டை வடிவமைத்தல்

ஒரு குழுவுக்குள் சிலர் மறைந்த எதிரிகளாக இருக்க, மற்றவர்கள் பேசியும் வாக்களித்தும் அவர்களைக் கண்டுபிடிக்க முயலும் விளையாட்டுகள் இன்று பல பெயர்களில் ஆடப்படுகின்றன. இவற்றின் மூல வடிவமான 'மாஃபியா'வை 1986இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி டேவிடொஃப் உருவாக்கினார். 1997இல் அன்ட்ரூ புளொட்கின் அதற்கு ஓநாய் மனிதர் கதையைப் போர்த்தினார். 2018இல் வெளிவந்த 'அமங் அஸ்' அதே கருவை விண்கலத்துக்குள் கொண்டுபோனது. கதைகள் மாறினாலும் அடித்தளம் ஒன்றுதான்: சிறுபான்மையினர் ஒருவரையொருவர் அறிவர், பெரும்பான்மையினர் எவரையும் அறியார்.

இதனால் இத்தகைய விளையாட்டை வடிவமைப்பவர் தீர்மானிக்க வேண்டிய முதன்மையான விடயம், யாருக்கு, எப்போது, எவ்வளவு தகவல் கிடைக்க வேண்டும் என்பதே. எந்தத் தகவலும் ஒரு வாதத்தைத் தொடக்கி வைக்க வேண்டுமே தவிர முடித்து வைக்கக் கூடாது என்பதை நான் முதல் விதியாகக் கொள்கிறேன். ஹட்டனில் இருவர், பண்டாரவளையில் ஒருவர், கொழும்பில் வேலை செய்வோர் நால்வர், வளைகுடா நாடுகளில் இருவர் என்று சிதறிக் கிடக்கும் மலையக (இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதி) நண்பர் குழு ஒன்று, வட்ஸ்அப்பிலேயே ஆடக்கூடிய ஒன்பது பேர் விளையாட்டு ஒன்றை இந்த விதியின்படி கட்டிக் காட்டுகிறேன்.

கதைக்கருவைத் தேர்தல்

ஓநாய் இலங்கையில் இல்லாத விலங்கு. ஆகவே ஓநாய் மனிதரை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஆட்டக்காரர்களுக்கு அது எங்கோ கேட்ட கதையாகவே இருக்கும். அதற்குப் பதிலாகச் சிறுத்தையை எதிரியாக்கலாம் என்ற எண்ணம் உடனே வரும். தேயிலை மலைகளில் உலவும் சிறுத்தைகள் கம்பிச் சுருக்குகளில் சிக்கி இறப்பதை நாம் தொடர்ந்து கேள்விப்படுகிறோம். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை பின்னர் உயிரிழந்தது. அந்த விலங்கைக் கதையிலும் கொலைகாரனாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே இந்த விளையாட்டில் கருஞ்சிறுத்தை காக்கும் பாத்திரமாக வருகிறது.

எதிரிக்கான கரு நம் மலைகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. நம் முன்னோர் முதலில் அழைத்து வரப்பட்டது கோப்பித் தோட்டங்களுக்கு. 1869இல் இலங்கையில் அறியப்பட்ட இலைத்துரு நோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சரித்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இந்த நோயின் செம்மஞ்சள் தூள் இலையின் அடிப்பக்கத்தில் படர்கிறது, காற்றில் பரவுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தூள் தெரிவதில்லை. மறைந்திருக்கும் எதிரிக்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆகவே நம் கதை இதுதான்: மூடுபனிக்குள் மறைந்த ஒரு மலை நாட்டில் ஒவ்வொருவருடைய உயிரும் ஊர் மரத்தின் ஓர் இலையோடு பிணைந்திருக்கிறது. சிலருடைய இலைகளின் அடியில் துரு ஏறிவிட்டது. அவர்கள் பகலில் எல்லோரையும் போல ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். இரவில் மற்றவர்களின் இலைகளை உதிர்க்கிறார்கள். ஊரார் ஒவ்வொரு நாளும் கூடி ஒருவரைக் கணவாய்க்கு அப்பால் அனுப்புகிறார்கள்.

தூக்கிலிடுதல், அடித்துக் கொல்லுதல் போன்ற சொற்களைத் தவிர்த்து 'கணவாய்க்கு அப்பால் அனுப்புதல்' என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டும்போது சொல் மென்மையாக இருந்தால் வாதம் கூர்மையாக இருந்தாலும் மனக்கசப்பு மிஞ்சாது. அதேபோல் மண்சரிவை ஒரு திடீர் நிகழ்வு அட்டையாகச் சேர்க்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது போன்றவற்றில் உறவினரை இழந்தவர்கள் நம் குழுக்களில் இருக்கக்கூடும்.

பாத்திரப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. கங்காணி (தொழிலாளரை மேய்ப்பவர்), கணக்கப்பிள்ளை, துரை (தோட்ட முகாமையாளர்) என்ற பெயர்களைப் பயன்படுத்தினால் ஊர் மணம் வரும் என்று தோன்றும். ஆனால் துரை என்று பெயர் வைத்த உடனேயே அவர் எந்தப் பக்கம் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். பாட்டனார் கங்காணியாக இருந்த ஒருவர் குழுவில் இருந்தால் கேலி அவர் வீட்டுக்கே போகும். எல்லோர் மீதும் சந்தேகம் சமமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் மாயக்கதையை நாடுகிறோம். சாதி, தொழிற்சங்கம், கட்சி ஆகியவற்றின் சாயல் எதுவும் வேண்டாம். முனியாண்டி, மாடசாமி என்று வீட்டில் கும்பிடும் தெய்வங்களின் பெயரைப் பொய் சொல்லும் பாத்திரத்துக்குச் சூட்டுவதும் கூடாது.

எண்ணிக்கை

எத்தனை பேருக்கு எத்தனை எதிரிகள் என்பதை மனம்போன போக்கில் முடிவு செய்யக் கூடாது. எவருக்கும் சிறப்பு ஆற்றல் இல்லாமல், ஊரார் குலுக்கல் முறையில் தினமும் ஒருவரை அனுப்புகிறார்கள் என்றும், ஆட்டம் பகலில் தொடங்குகிறது என்றும், இருபுறமும் சமமானால் எதிரிகள் வெல்வார்கள் என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு எதிரிகள் இருக்கும்போது, ஏழு பேர் ஆட்டத்தில் ஊராரின் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 23 சதவீதம். எட்டு பேரானால் அது கூடும் என்று நினைப்போம். உண்மையில் 16 சதவீதத்துக்குக் குறைகிறது. ஒன்பது பேரானால் 30 சதவீதம், பதினொரு பேரானால் 35 சதவீதம்.

ஒற்றைப்படை எண்ணில் தொடங்கும் ஆட்டம் ஊராருக்குச் சாதகமானது என்பது இதிலிருந்து தெரியும். எட்டாவது ஆளாகச் சேரும் நல்லவர் ஊராருக்குக் கூடுதலாக ஒரு பகலைத் தருவதில்லை. சரியான ஆளைத் தேர்வதை மட்டும் கடினமாக்குகிறார். பத்தாவது நண்பர் ஒருவர் சேர விரும்பினால் அவரைக் கதைசொல்லியின் (தாம் ஆடாமல் ஆட்டத்தை நடத்துபவரின்) துணையாக வைத்துக்கொள்ளலாம், அல்லது இன்னொருவரையும் தேடி பதினொன்றாக்கலாம். பிரேவர்மன், எட்டெசாமி, மொசெல் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட கணித ஆய்வு, ஆற்றல் எதுவும் இல்லாத ஆட்டத்தில் எதிரிகளின் எண்ணிக்கை மொத்த ஆட்டக்காரர்களின் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும்போதே இருபக்கத்துக்கும் ஒப்பிடத்தக்க வாய்ப்பு இருக்கும் என்று காட்டியது. துப்பறிபவர் ஒருவர் சேர்ந்துவிட்டால் எதிரிகளை இன்னும் கூடுதலாக வைக்கலாம் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

நம் விளையாட்டுக்கு ஒன்பது பேரும் இரண்டு எதிரிகளும் போதும். குலுக்கலில் 30 சதவீதமாக இருக்கும் வாய்ப்பைப் பேச்சும் ஆற்றல்களும் சேர்ந்து பாதியளவுக்கு உயர்த்த வேண்டும்.

பாத்திரங்கள்

துருவேறியோர் இருவர். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். இரவில் தமக்குள் பேசி ஒருவருடைய இலையை உதிர்ப்பார்கள். இருவரில் யார் அந்தச் செயலுக்குப் போகிறார் என்பதையும் அவர்கள் கதைசொல்லியிடம் சொல்ல வேண்டும்.

இலைபார்ப்பவர் ஒவ்வோர் இரவும் ஒருவருடைய இலையைத் திருப்பிப் பார்க்கலாம். 'தூய்மை' அல்லது 'துரு' என்று விடை வரும். இந்தப் பாத்திரம் அப்படியே விடப்பட்டால் இரண்டாம் நாளே அவர் எழுந்து தாம் கண்டதைச் சொல்ல, எல்லோரும் வாக்களித்து ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே சாதாரண ஊரார் ஒருவருடைய இலையில் பழைய நோயின் தழும்பு இருப்பதாக வைக்கிறோம். அவரைப் பார்த்தால் 'துரு' என்றே விடை வரும். தம் இலையில் தழும்பு இருப்பது அவருக்கே தெரியாது. இப்போது இலைபார்ப்பவர் எழுந்து ஒருவரைக் குற்றம் சாட்டினால், அவர் உண்மையிலேயே எதிரியா, தழும்புக்காரரா, அல்லது இலைபார்ப்பவர் என்று சொல்லிக்கொள்பவரே பொய்யரா என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. ஒரு தகவல் வாதத்தைத் தொடக்கி வைப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

சுற்றுப்பாதைக் காவலரை தெமோதரையிலிருந்து எடுத்தேன். அங்கே புகையிரதப் பாதை ஒரு வளையமாகச் சுற்றி வந்து, நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்கிறது. இந்தக் காவலர் ஓர் இரவில் ஒருவரைத் தேர்ந்து, அவர் அன்றிரவு யாரிடம் போனார் என்று அறிய முயல்வார். ஆனால் விடை ஓர் இரவு தாமதமாகவே சுற்றி வந்து சேரும். இரண்டாம் இரவின் விடை மூன்றாம் இரவு கழிந்த காலையில்தான் கிடைக்கும். இந்தத் தாமதம் மிக முக்கியமானது. அவர் தம்மிடம் என்ன இருக்கிறது என்று இன்று சொல்லிவிட்டால், நாளை விடை வருவதற்குள் துருவேறியோர் அவரை உதிர்த்துவிடலாம். சொல்லாமல் காத்திருந்தால் ஊரார் அவரையே சந்தேகிக்கலாம்.

கருஞ்சிறுத்தை ஒவ்வோர் இரவும் ஒருவரைக் காக்கும். ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு இரவுகள் காக்க முடியாது. இங்கே எண்ணிக்கைக் கணக்கு மீண்டும் குறுக்கிடுகிறது. சிறுத்தை ஒருவரைக் காப்பாற்றிவிட்டால், மறுநாள் ஏழு பேருக்குப் பதிலாக எட்டுப் பேர் இருப்பார்கள். குருட்டுத்தனமாக வாக்களித்தால் இது ஊராருக்குப் பாதகம் என்று மேலே கண்டோம். ஆதலால் 'இன்று எவரையும் அனுப்ப வேண்டாம்' என்று வாக்களிக்கும் உரிமையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அந்த உரிமை இருந்தால் ஊரார் ஒற்றை எண்ணுக்குத் திரும்ப முடியும்; அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதும் ஒரு நல்ல வாதமாகும்.

மற்ற நால்வர் சாதாரண ஊரார். தழும்புக்காரர் இவர்களில் ஒருவர்.

துரு தொற்றுநோய் என்பதால் எதிரிகள் மற்றவர்களைத் தம் பக்கம் மாற்றும் விதியைச் சேர்க்கத் தோன்றும். முதல் ஆட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். நேற்றுவரை உண்மை பேசியவர் இன்று எதிரியாகிவிட்டால், சேர்த்து வைத்த சான்றுகளெல்லாம் மதிப்பிழக்கின்றன. ஊரார் சிந்திப்பதையே விட்டுவிடுகிறார்கள். பதினொரு பேருக்கு மேல் ஆடும்போது, ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை, சாதாரண ஊரார் ஒருவரை மட்டும், அந்த இரவில் எவரையும் உதிர்க்காமல் மாற்றலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் தாங்கும்.

ஒப்பாரி

ஆட்டத்திலிருந்து வெளியேறுபவர்கள் அப்படியே மறைந்து போவதும், அமைதியானவர்கள் கடைசிவரை அமைதியாகவே இருப்பதும் இணையத்தில் ஆடப்படும் இத்தகைய விளையாட்டுகளின் இரண்டு பெரிய குறைகள். நம்மிடம் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

கணவாய்க்கு அப்பால் அனுப்பப்படுபவர் புறப்படும் முன் இரண்டு வரி சொல்லலாம். அதைச் சொல்லி முடித்த பிறகே கதைசொல்லி அவருடைய இலையைத் திருப்பிக் காட்டுவார். அவர் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். எந்தப் பாத்திரம் என்பது தெரியாது. இரவில் இலை உதிர்ந்தவருக்குப் பேச வாய்ப்பில்லை. அவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் இரண்டு வரி ஒப்பாரி வைக்க வேண்டும். முந்தைய பகலில் மிகக் குறைவாகப் பேசியவரைக் கதைசொல்லி இதற்கு அழைப்பார். ஒப்பாரியில் மறைந்தவர் கடைசியாக யாரைச் சந்தேகித்தார் என்பது இடம்பெற வேண்டும் என்பது விதி. ஒப்பாரி வைப்பவர் முந்தைய செய்திகளைத் திரும்பப் படித்தாக வேண்டும். அவர் எதிரியாக இருந்தால் எதை விட்டுவிட்டார் என்று மற்றவர்கள் தேடுவார்கள். 'மூணாம் லயத்து விளக்கே, முணுமுணுத்துப் போனாயே. ஆறாம் ஆள் பேரைத்தான் அடிக்கடி சொன்னாயே' என்ற அளவில் எழுதினால் போதும். அழகு தானாகவே கூடும்.

வீட்டிலே பாட்டிமார் ஒப்பாரி வைத்துக் கேட்டவர்களுக்கு இது இயல்பாக வரும். அண்மையில் துக்கம் நடந்த வீட்டுக்காரர் குழுவில் இருந்தால், அந்த ஆட்டத்தில் ஒப்பாரிக்குப் பதில் விடுகதை என்று மாற்றிவிடுங்கள்.

நேரமும் கருவியும்

ஒன்பது பேரில் ஒரு நாளைக்கு இருவர் குறைவதால், சாதாரணமாக நான்கு பகல்களில் ஆட்டம் முடியும். ஒரு பகலை ஒரு முழு நாளாக வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் கலந்துகொள்ளலாம். வாக்கு முடியும் நேரத்தை இலங்கை நேரப்படி இரவு 9.30 என்று வைக்கலாம். அப்போது துபாயில் இரவு 8 மணி, கட்டாரில் மாலை 7 மணி. இரவுச் செயல்களைக் காலை 6 மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று வைத்தால், அதிகாலையில் எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களுக்கும் பொருந்தும். முதல் இரவில் எவரும் உதிர மாட்டார்கள். துருவேறியோர் அறிமுகமாவதற்கும் இலைபார்ப்பவர் ஒரு தடவை பார்ப்பதற்கும் மட்டுமே அது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எவரும் வெளியேறக் கூடாது.

குழு அமைப்பில் 'நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்ற வசதியை இரவில் போட்டு வையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். கதைசொல்லி மட்டுமே நிர்வாகியாக இருக்க வேண்டும். வாக்குகளை வட்ஸ்அப் வாக்கெடுப்பில் வாங்காமல் செய்தியாக எழுதச் சொல்வது நல்லது. வாக்கெடுப்பில் யாருக்கு யார் வாக்களித்தார் என்று தெரிந்தாலும், வாக்கை மாற்றியவரின் முந்தைய வாக்கு மறைந்துவிடும். செய்தியாக எழுதினால் யார் முதலில் குற்றம் சாட்டினார், யார் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து சேர்ந்தார் என்ற வரிசை நிலைத்து நிற்கும். அந்த வரிசைதான் நான்காம் பகலில் ஊராரிடம் இருக்கும் சிறந்த சான்று. டெலிகிராமில் பெயர் தெரியாத வாக்கெடுப்பு நடத்தும் வசதி உண்டு. இந்த ஆட்டத்துக்கு அது உதவாது. செய்தியை அழிப்பதையும் திருத்துவதையும் தடை செய்யுங்கள். இருவர் சம வாக்குப் பெற்றால் எவரும் அனுப்பப்பட மாட்டார்.

தொலைபேசியே தகவலைக் கசியவிடும் என்பதையும் வடிவமைப்பாளர் மறக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு இருவர் மட்டும் ஒன்லைனில் இருந்தால் துருவேறியோர் யார் என்று எவரும் ஊகிப்பர். ஆட்டம் நடக்கும் நாட்களில் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் ஒன்லைன் நிலையையும் எல்லோரும் மறைத்து வைக்க வேண்டும். ஆற்றல் இல்லாதவர்களும் ஒவ்வோர் இரவும் கதைசொல்லிக்கு யாரைச் சந்தேகிக்கிறார் என்று ஒரு செய்தி அனுப்பியே ஆக வேண்டும். அப்போது யார் இரவில் எழுதுகிறார் என்பதால் எதுவும் தெரியவராது. திரைப்பிடிப்புகளைக் காட்டிச் சான்று சொல்வது அறவே கூடாது. ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசியை அண்ணனும் தங்கச்சியும் பகிர்ந்தால் அவர்கள் இருவரும் ஒரே ஆட்டக்காரராகச் சேரட்டும்.

மழைக்காலத்தில் சிக்னல் போவதும் மின்சாரம் தடைப்படுவதும் மலையில் வழக்கம். இரவுச் செயல் வந்து சேராவிட்டால் அவர் உறங்கினார் என்று கொள்ளப்படும்; அதற்காக எல்லோரையும் காக்க வைக்க வேண்டாம். தொடர்ந்து இரண்டு பகல்கள் வராதவரின் இடத்தில் துணையாக இருப்பவரைச் சேர்க்கலாம். குரல் பதிவுகளைத் தாராளமாக அனுமதியுங்கள். தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் குரலில் நன்றாக வாதாடுவார்கள். வாக்கு மட்டும் எழுத்தில் வர வேண்டும்.

கதைசொல்லியின் ஏடு

கதைசொல்லி ஒரு தாளிலோ கூகுள் ஷீட்டிலோ ஒவ்வொருவருடைய பெயர், பாத்திரம், இரவுச் செயல், கிடைத்த விடை ஆகியவற்றைப் பதிய வேண்டும். இரவுச் செயல்களை எந்த வரிசையில் தீர்ப்பது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள்: முதலில் சிறுத்தையின் காவல், பிறகு இலைபார்த்தல், பிறகு சுற்றுப்பாதைக் காவலரின் குறிப்பு, கடைசியாக இலை உதிர்த்தல். விடைகள் காலையில் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே அனுப்பப்படும். பாத்திரங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கியே பங்கிட வேண்டும். இவருக்கு இது பொருந்தும் என்று கதைசொல்லி தேர்ந்து கொடுத்தால், அவருடைய மனப்போக்கை அறிந்தவர்கள் அதையே சான்றாக்கிவிடுவார்கள்.

காலை அறிவிப்புகளில் வர்ணனைக்கு இடமுண்டு. பனி எப்படி இறங்கியது, மரம் எப்படி அசைந்தது என்று எழுதுங்கள். ஆனால் வர்ணனைக்குள் ஒருபோதும் குறிப்பு ஒளித்து வைக்காதீர்கள். கதைசொல்லி 'மேற்குக் காற்று' என்று தற்செயலாக எழுதிய சொல்லை வைத்து மேற்கே இருக்கும் மஸ்கெலியாக்காரரைக் கணவாய்க்கு அப்பால் அனுப்பிவிடக் கூடும். அறிவிப்பு வர்ணனை எதற்கும் பொருள் கிடையாது என்று விதியிலேயே எழுதி வைப்பது பாதுகாப்பு.

ஆட்டம் முடிந்ததும் ஏட்டை முழுவதுமாகக் குழுவில் வெளியிடுங்கள். அதைப் பார்த்து ஒவ்வொருவரும் தம்மை நம்பவைத்த பொய்யையும் தாம் கவனிக்காத உண்மையையும் பேசித் தீர்க்க ஓர் இரவாவது ஆகும். இதற்கும் நாட்குறிப்பில் இடம் ஒதுக்குங்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: எந்தப் பகலில் பேச்சு ஓய்ந்தது, எந்தத் தகவல் வந்ததும் வாதம் நின்றது, யார் எதுவும் செய்ய இல்லாமல் காத்திருந்தார். அடுத்த ஆட்டத்தில் இந்த மூன்றில் ஒன்றுக்குக் காரணமான ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து, அதே ஒன்பது பேருடன் மீண்டும் ஆடிப் பாருங்கள்.